பாம்புக்காதும் இடது கதவும்

“பாம்பு இப்ப உங்க காருக்குள்ள போகும் மேடம். டேஷ்போர்டுக்கு அடியில கொஞ்ச நேரம் இருக்கும். வேலை முடிஞ்சா அதுவா வெளிய வந்துடும். நீங்க உட்காருங்க.”

கார் ஸ்டீரியோ கடைக்காரர் இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

வெளியே மழை... தப்பித்து ஓடவும் வழியில்லை. குடையைத் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு தரையை மூலை மூலையாகத் தேடினாள். அப்போது பக்கத்தில் நின்ற வேனின் கதவு வழியாக முதலில் இரண்டு கால்கள் வெளியே வந்தன. பிறகு ஒரு கசங்கிய சட்டை. கடைசியாக, தலைமுடியில் பசை ஒட்டிய ஓர் இளைஞனின் முகம்.

“கூப்பிட்டீங்களா மாமா?” என்றது பாம்பு.

அவன் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் நாற்காலி மேல் இரண்டு நனைந்த செருப்புகள் தெரிந்தன. அப்புறம் ஒரு குடை. அதற்கும் மேலே... இரண்டு கண்கள். பயத்தில் விரிந்து, மழை வெளிச்சத்தை முழுசாகக் குடித்துவிட்டு நின்ற கண்கள். பயந்த கண்களுக்கு இவ்வளவு அழகாக இருக்க அனுமதி கொடுத்தது யார் என்று அவனுக்குக் கோபமே வந்தது.

“பாம்புன்னா... நீங்களா?”

“கடிக்க மாட்டேன். இறங்குங்க.”

அந்தப் பெயர் வந்த சின்னக் கதையை மாமாவே அவளுக்குச் சொன்னார். ஓடுகிற காரில் எங்கே ஒரு ஸ்க்ரூ தளர்ந்து கிடந்தாலும் கண்ணை மூடிக் கேட்டே சொல்லிவிடுவான். ‘பாம்புக்காதுடா உனக்கு’ என்று அவன் அக்காவின் கணவர், அதாவது கடை முதலாளியான மாமா, ஒரு நாள் வாய்தவறி மெச்சிவிட்டார். தெருவுக்கு நீளமான பெயர்கள் பிடிக்காது. காதை வெட்டி எறிந்துவிட்டுப் பாம்பை மட்டும் வைத்துக்கொண்டது. அவனும் வருத்தப்படவில்லை. அவனிடம் சொத்து என்று இருந்தது அந்த இரண்டு காதுகள்தான்.

அவள் இறங்கினாள். இறங்கியதும் கௌரவமும் கூடவே இறங்கி வந்து சேர்ந்துகொண்டது.

“கார்ல பாட்டு கேட்டா குரல் தெளிவா வரல. ஸ்பீக்கர் மாத்தணும். ஆனா கையில நிறைய இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன்.”

மாமாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. “கவலையே படாதீங்க மேடம். டிக்கியில திம்முனு அதிர ஒரு பேஸ் பெட்டி. முன்னாடி பெரிய டச் ஸ்கிரீன். கால்கிட்ட நீல லைட்டு. பாட்டு போட்டீங்கன்னா பக்கத்துக் கார்க்காரன் நெஞ்சைப் பிடிச்சுக்கணும்.”

“யாரும் நெஞ்சைப் பிடிக்க வேணாம் சார். எங்க அப்பா பக்கத்து சீட்ல உட்கார்ந்து வருவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். முன்னாடியெல்லாம் பாட்டு கேட்டா கூடவே முணுமுணுப்பார்... இப்ப ஜன்னலைப் பார்த்துட்டு வரார். சத்தம் வேணாம். வார்த்தை புரியணும். அவ்வளவுதான்.”

பாம்பு அவளுடைய காரின் கதவை விரல் முட்டியால் தட்டினான். ‘டொங்’ என்றது.

“பார்த்தீங்களா, தகர டப்பா. கார் செய்யறவங்க தங்களோட கஞ்சத்தனம் முழுக்கக் கதவுக்குள்ளதான் ஒளிச்சு வைப்பாங்க. உள்ள இருக்கற ஸ்பீக்கர் நோட்டு அட்டை மாதிரி இருக்கும். பிளேயரை மாத்தாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. பின்னாடி ஸ்பீக்கரையும் தொட வேணாம், பின்சீட்ல யாரும் வரதில்லையே. முன்கதவு ரெண்டுக்கும் நல்ல ஸ்பீக்கரா போட்டு, கதவுக்குள்ள அதிர்வு அடங்க ஒரு ஷீட் ஒட்டிட்டாப் போதும். பாதிச் செலவு கூட ஆகாது.”

மாமா அவனைப் பார்த்த பார்வையில் ஒரு டச் ஸ்கிரீன் உடைந்து சிதறியது.

“மச்சான், நீ யார் பக்கம்?”

“காது பக்கம் மாமா.”

அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை... உதட்டோரம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடுகிற ரகம். பாம்பு அதைத் தேடிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

மழை விடவில்லை. அதனால் அவளும் போகவில்லை. வலது கதவு வேலை ஒழுங்காக முடிந்தது. இடது கதவுக்கு வந்தபோது, “லைட் பிடிக்கட்டுமா?” என்று டார்ச்சை வாங்கிக்கொண்டாள். அங்கேதான் கெட்டது.

“இதுல ரெண்டு ஒயர் இருக்கே, மாறிப்போனா?” என்று கேட்டாள்.

“மாறினாலும் பாடும். அதுதான் வில்லங்கமே. ஒரு பக்கத்து ஸ்பீக்கர் காத்தை முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி, நடுவுல இருக்கற குரலையும் அடிச் சத்தத்தையும் தின்னுடும். நம்ம கையில அந்தத் தப்பு வராது. தூக்கத்துல கூட வராது. சரி, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“காது சோதிக்கிற வேலை. கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்னதா சத்தம் அனுப்புவேன். கேட்டா பொத்தானை அழுத்தணும். சில பேர் இருக்காங்க... கேட்காமலே அழுத்துவாங்க.”

“ஏன்?”

“கௌரவம். காது போயிடுச்சுன்னு யார் ஒத்துப்பாங்க?”

“அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“சத்தமே அனுப்பாம சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்பவும் பட் பட்னு அழுத்துவாங்க. ஒருத்தர் நான் தண்ணி குடிக்கப் போனப்ப கூட அழுத்திட்டே இருந்தார்.”

பாம்பு சிரித்தான். அவளும் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு உள்ளே ஓடவில்லை... டார்ச் வெளிச்சத்தில் அப்படியே நின்றது. மழைத்துளி ஒன்று அவள் நெற்றியோர முடியில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அவனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான். கண்கள் இப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டதால், கைகள் தாமாகவே இரண்டு ஒயர்களையும் மாட்டி முடித்தன. கைகளுக்கு நிறத்தைப் பார்க்கத் தெரியாது.

பிறகு பாட்டைப் போட்டு, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். அவன் ஓட்டினான், அவள் பக்கத்தில். வைப்பர் அசைந்தது. பாட்டு ஓடியது.

“எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு. உங்களுக்கு?”

“பிரமாதம்.”

எதைச் சொன்னோம் என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொள்ளவில்லை.

வாரம் திரும்புவதற்குள் கார் திரும்பியது. மழை இல்லை. அவள் கண்ணிலும் அந்த வெளிச்சம் இல்லை.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

அவன் தலை சீவியிருந்தான். கார் சத்தம் தெரு முனையிலேயே கேட்டுவிட்டது, பாம்புக்காதாயிற்றே. சீவியது வீணாயிற்று.

“எங்க அப்பா ஆசையா ஏறி உட்கார்ந்தார். பாதிப் பாட்டுல நிறுத்தச் சொல்லிட்டார். ‘முன்னாடி கேட்டதும் இப்பக் கேட்கலம்மா, மிச்சம் இருந்ததும் போச்சு போல’ன்னார். அதுக்கப்புறம் என்கூடக் கார்லயே வரதில்ல. பஸ்ல போறார். காதுக்கு மெஷின் வெச்சுக்கச் சொல்லி நான் கெஞ்சிக்கிட்டிருக்கேன்... இனிமே எதுக்குன்னு கேட்கறார்.”

பாம்பு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். கதவைத் திறந்து பார்க்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் மாமா களத்தில் குதித்துவிட்டார்.

“மேடம், இந்தத் தெருவுல யாரை வேணா கேளுங்க. என் மச்சான் கை வெச்சா தப்பே வராது. அப்பாவுக்கு வயசாச்சு, அதுக்கு ஸ்பீக்கர் என்ன பண்ணும்?”

பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் பாம்பின் தலைக்குள் ஏதோ படம் எடுத்தது.

“நானே கேட்டுப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன். என் ஒயரிங்ல தப்பு வராது.”

“கேட்டீங்களா? அந்தக் காதாலயா?” அவள் குரல் தாழ்ந்தது. தாழ்ந்ததுதான் வலித்தது. “அப்ப ஒரு தடவை வந்து அதைச் சோதிச்சுக்கங்க. மார்க்கெட் பக்கம், கண் ஆஸ்பத்திரி மாடியில. எல்லாருக்கும் பார்க்கறோம்.”

கார் போய்விட்டது. போகும்போது அதன் பக்கக் கண்ணாடியில் அவள் கண்களைத் தேடினான்... அவை சாலையை மட்டும் பார்த்தன.

“விடு மச்சான். பேஸ் பெட்டி வாங்கியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது” என்று மாமா ஆறுதல் சொன்னார். அப்புறம் சாவகாசமாக ஒரு குண்டையும் போட்டார். “ஆனா ஒண்ணு... இத்தனை வருஷமா அலறுற பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கியே. காது அடி வாங்கியிருக்குமோ?”

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். பாம்பால் சாப்பிட முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்று காதைத் தீட்டினான். டிக் டிக் சத்தம் கேட்கவில்லை. கிட்டே போனான். கேட்கவில்லை. காதை அதன் மேலேயே ஒட்டினான். அப்போதும் கேட்கவில்லை. அது நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

ஆனாலும் பயம் போகவில்லை. காது போனால் பாம்பு என்ன ஆவான்? வேறு எந்தத் தொழிலும் தெரியாது. அதைவிட, அவள் சொன்னது உண்மை என்றால்... தன் செவிட்டுத்தனத்தால் ஒரு பெரியவர் பாட்டைத் தொலைத்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்.

மறுநாள் மதியம் மாடியேறினான்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெரியவர், மடியில் துணிப்பையோடு. பாம்பு பெயரைப் பதிந்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தான்.

“உனக்கும் போச்சா தம்பி?” என்று பெரியவர் மாடிக்கே கேட்கும்படி ரகசியம் பேசினார்.

“தெரியல சார். சோதிக்கத்தான் வந்தேன்.”

“சின்ன வயசுப்பா. எனக்குப் பாதகமில்ல... உள்ள இருக்கறது என் பொண்ணுதான். நான் மெஷின் வெச்சுக்க மாட்டேன்னு அவளுக்குக் கோபம். பாவம், எனக்காகக் கார்ல புது ஸ்பீக்கர் போட்டா. இன்னைக்குச் சாப்பாட்டுப் பையைக் குடுக்க வந்தேன், அப்படியே பஸ்ல போயிடுவேன்.”

பாம்பு எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு மறுபடி உட்கார்ந்தான். “ஸ்பீக்கர்... நல்லா இல்லையா சார்?”

“ஸ்பீக்கர் மேல என்ன தப்பு? என் காதுதான். குரல் முன்னாடி இருந்து வரவே மாட்டேங்குது தம்பி. தலைக்குப் பின்னால எங்கயோ கிணத்துல நின்னு பாடற மாதிரி இருக்கு. தாளத்துல ‘தும்’ங்கற அடிச் சத்தமே இல்ல, வெறும் ‘டக் டக்’தான். ஆனா ஒரு வேடிக்கை... அன்னைக்கு ஒரு பக்கமா சாய்ஞ்சு, கதவுகிட்ட காதை வெச்சேன், நல்லாக் கேட்டுச்சு. நிமிர்ந்து உட்கார்ந்தா போயிடுது. காது போறப்ப இப்படியெல்லாம் விளையாட்டுக் காட்டும் போல.”

பாம்பு ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினான். கதவோரம் சாய்ந்தால் கேட்கிறது. நிமிர்ந்தால் இல்லை. நடுவில் குரல் இல்லை. அடிச் சத்தம் இல்லை... தூக்கத்தில்கூட வராது என்று டார்ச் வெளிச்சத்தில் பீற்றிக்கொண்ட அதே தப்பு.

மழைத்துளி... நெற்றியோர முடி... இடது கதவு.

“சார், கார் சாவி யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஏன்?”

“உங்க காதுல ஒண்ணும் புதுசா போகல சார். தப்பு என் கையில. அந்த ஸ்பீக்கரை மாட்டினவன் நான்தான்.”

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துணிப்பைக்குள் கைவிட்டு, டப்பாவுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தார். “கோபப்படணும்னா கீழ போய்ப் படறேன். முதல்ல காட்டு.”

வாகனங்கள் நிறுத்துமிடத்தில் தூறல் ஆரம்பித்திருந்தது. பாம்பின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் உண்டு. கதவு அட்டையைக் கழற்றினான். இருந்தது. வெட்கமே இல்லாமல், இடம் மாறி, ஜோராக உட்கார்ந்திருந்தன இரண்டு ஒயர்களும். மாற்றி மாட்டினான். அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டான்.

“நேரா உட்காருங்க சார். சாய வேணாம்.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்கண்ணாடிக்கு நட்டநடுவில், தூறலுக்குள் யாரோ நின்றுகொண்டு பாடுவது மாதிரி ஒரு குரல் எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய விரல் மடியிலிருந்த துணிப்பையின் மேல் தட்ட ஆரம்பித்தது. பிறகு உதடு அசைந்தது. பிறகு... சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், முணுமுணுப்பு.

“வார்த்தை எல்லாம் இல்ல தம்பி” என்றார் பாட்டுக்கு நடுவே. “பாதி விழுது.”

“மீதிப் பாதிக்கு உங்க பொண்ணு ஒரு மெஷின் சொல்றாங்களே. அதுவும் ஸ்பீக்கர்தான் சார். கதவுக்குப் பதிலா காதுல மாட்டறது. பிளேயர் நல்லா இருக்கு, ஸ்பீக்கரை மட்டும் மாத்தினாப் போதும்.”

பெரியவர் யோசித்தார். “அவ சொன்னா பயமா இருக்கு. நீ சொன்னா காருக்குச் சொல்ற மாதிரி இருக்கு. பார்க்கலாம்.”

பாம்பு திரும்பினான். படிக்கட்டின் கடைசிப் படியில் அவள் நின்றிருந்தாள். பெயர் கூப்பிட்டும் வராத ஆளைத் தேடி இறங்கி வந்தவள். தூறல் விழுவதுகூடத் தெரியாமல், முணுமுணுக்கும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்து... அது மழையா, வேறா என்று பாம்பு ஆராயவில்லை.

“ஒயர் மாறியிருந்துச்சு. நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன். உங்க எல்லார் முன்னாடியும் வராதுன்னு சொன்னேனே, அது வந்துடுச்சு” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மேல வாங்க.”

“அதான் தெரிஞ்சுபோச்சே...”

“ஒயர் தெரிஞ்சுது. காது தெரியல. வாங்க.”

கண்ணாடி அறைக்குள் ஊசி விழுந்தால்கூட மெத்தையில் விழுந்தது மாதிரிதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஹெட்போன். கையில் பொத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், முகத்தில் உத்தியோகக் கறாருடன்.

“கேட்டா மட்டும் அழுத்தணும்” என்றது ஹெட்போனுக்குள் அவள் குரல். இரண்டு காதுக்கும் நட்டநடுவில். இவள் ஒயரிங்கில் தப்பே இல்லை.

கீச் என்று ஒன்று. அழுத்தினான். அதைவிடச் சின்னதாக ஒன்று. அழுத்தினான். எறும்பு இருமியது போல ஒன்று. அதற்கும் அழுத்தினான். அவள் புருவம் உயர்ந்தது.

“காது அருமையா இருக்கு. பாம்புக்காதுதான். அப்புறம் ஏன்... அன்னைக்குக் காரை ஓட்டிக் காட்டினப்ப இது கேட்கல?”

அவன் பஞ்சுச் சுவரைப் பார்த்தான். அது உதவவில்லை.

“சொன்னா கோபப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“பாட்டு ஓடிச்சுன்னே தெரியாது. நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க.”

பாம்புக்கு, தப்பை ஒத்துக்கொண்ட பிறகு வருகிற ஒரு தைரியம் வந்தது.

“நான் ஒண்ணு கேட்கட்டா? நானாவது ஸ்பீக்கர்காரன். நீங்க பொழுதுக்கும் காதையே பார்க்கறவங்க. உங்களுக்கும் காது நல்லாத்தானே இருக்கு... நீங்களும்தான் அன்னைக்குக் கார்ல இருந்தீங்க. ‘ரொம்ப நல்லா இருக்கு’ன்னீங்க. குரலே இல்லாத பாட்டுல எது நல்லா இருந்துச்சு?”

அவள் திடீரென்று கருவியின் திருகுகளில் மிகவும் மும்முரமாகிவிட்டாள். இல்லாத தூசியை ஊதினாள். காது நுனி மட்டும் சிவந்து, கண்ணாடியைத் தாண்டித் தெரிந்தது.

“சோதனை இன்னும் முடியல” என்றாள். “கடைசியா ஒண்ணு இருக்கு. கவனமாக் கேளுங்க.”

அவன் மூச்சை அடக்கினான். ஹெட்போனில் எதுவும் வரவில்லை. கீச் இல்லை. எறும்பு இல்லை. கீழே எங்கோ காருக்குள் பெரியவர் இரண்டாவது பாட்டுக்குப் போயிருப்பார், அதுகூடக் கேட்கவில்லை. அவன் கண்ணாடி வழியே பார்த்தான். அவள் கைகள் திருகின் மேல் இல்லை. இரண்டும் கன்னத்தில் இருந்தன. நாற்காலி மேல் ஏறி நின்றபோது இருந்த அதே கண்கள்... அதே அளவு விரிந்து. பயம் மட்டும் வேறு மாதிரி.

பாம்பு பொத்தானை அழுத்தினான்.

அவள் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நான் ஒண்ணுமே அனுப்பலையே” என்றாள்.

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு அழுத்தினீங்க?”

“கேட்டுச்சே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டோரம் அந்தச் சிரிப்பு எட்டிப் பார்த்தது... உள்ளே ஓடப் பார்த்தது... ஓடவில்லை. மைக்கை வாய்க்கு மிக அருகில் இழுத்து, சத்தத்தை உள்ளதிலேயே குறைந்த அளவுக்கு இறக்கினாள். பாம்புக்காதுக்கு மட்டுமே எட்டுகிற குரலில் சொன்னாள்.

“சரியாத்தான் கேட்டிருக்கு.”